டிரோன் ஹைப்பர்லாப்ஸ்

டிரோன் ஹைப்பர்லாப்ஸ் என்பது, ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்ட சிறிய ஆளில்லா வானூர்தி ஒன்றை ஒரு பாதையில் மெதுவாகப் பறக்கவிட்டு, சமமான கால இடைவெளிகளில் ஒளிப்படங்களை எடுத்து, அவற்றை வரிசையாகக் கோத்து விரைந்து ஓடும் நிகழ்படமாக மாற்றும் முறை ஆகும். இவ்வாறு பெறப்படும் படத்தில் இரண்டு அசைவுகள் ஒருங்கே காணப்படுகின்றன. முகில்கள், நிழல்கள், ஊர்திகள், அலைகள் முதலியன இயல்பைவிடப் பல மடங்கு விரைவாக நகர்கின்றன. அதே வேளையில் பார்ப்பவரின் கண்ணும் வானில் நகர்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றுகின்றது. ஒரே இடத்தில் நிறுத்திவைத்த கருவியால் எடுக்கப்படும் டைம்லாப்ஸ் எனும் காலச்சுருக்கப் படத்திலிருந்து இதனை வேறுபடுத்துவது இந்த இரண்டாவது அசைவே.

பொத்தானை அழுத்தினால் எஞ்சியதைக் கருவியே செய்துவிடும் என்ற எண்ணம் இம்முறையைப் பற்றிப் பரவலாக உள்ளது. 2018 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பல டிரோன்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையும்கூட. ஆயினும் எடுத்த படம் பார்க்கத்தக்கதாக அமைவது இடைவெளி, பறக்கும் வேகம், பொருள்களின் தொலைவு, ஒளிபடுநேரம், காற்று, மின்கலம் ஆகியவற்றுக்கு இடையிலான கணக்கில் தங்கியுள்ளது. அந்தக் கணக்கு கடினமானதன்று; பள்ளி மாணவர் ஒருவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடியதே.

வரலாறு

காலச்சுருக்கப் படம் திரைப்படக் கலையின் வயதை ஒட்டியது. பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் மெலியே 1897 இல் எடுத்த ஒரு படம் இதற்கு முன்னோடியாகக் குறிப்பிடப்படுவதுண்டு. பிரித்தானியரான பெர்சி சிமித், மொட்டுகள் அவிழ்ந்து மலர்வதைக் காட்டும் "ஒரு மலரின் பிறப்பு" என்னும் குறும்படத்தை 1910 இல் வெளியிட்டார். இவற்றில் கருவி அசையவில்லை. காலம் மட்டுமே சுருக்கப்பட்டது.

கொட்ஃப்ரி ரெச்சியோ இயக்கி 1982 இல் வெளிவந்த கொயானிஸ்காட்சி என்னும் உரையாடல் இல்லாத படம், நகரப் போக்குவரத்தையும் முகில்களையும் விரைவாக்கிக் காட்டி இம்முறையைப் பெருந்திரைக்குக் கொண்டுவந்தது. அதன் ஒளிப்பதிவாளர் ரான் ஃபிரிக், 1985 இல் குரோனோசு என்ற படத்தைத் தாமே இயக்கியபோது, இயந்திரத்தால் மிக மெதுவாக நகர்த்தப்படும் ஒளிப்பதிவுக் கருவிகளைப் பயன்படுத்தினார். நகரும் காலச்சுருக்கத்தின் அழகு பலருக்கும் புலப்பட்டது இத்தகைய படங்களினால்தான். ஆனால் தண்டவாளத்தின் நீளமே அவற்றின் எல்லை.

அந்த எல்லையைக் கடக்க ஒளிப்படக்காரர்கள் கண்ட வழி எளியது. முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு, ஓர் அடி நடந்து, ஒரு படம் எடுத்து, மீண்டும் ஓர் அடி நடப்பது. ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள கோபுர உச்சி போன்ற ஒரு புள்ளியைத் திரையின் அதே இடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். பத்து வினாடிப் படத்துக்கு இவ்வாறு 250 முறை நின்று நடக்க வேண்டியிருக்கும். 2012 இல் பெர்லின் நகரைக் காட்டி இம்முறையில் உருவான ஒரு குறும்படம் இணையத்தில் பரவி, "ஹைப்பர்லாப்ஸ்" என்ற சொல்லையும் பரப்பியது.

2014 இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த யோகன்னசு கோஃப், மைக்கேல் கோயென், ரிச்சர்டு செலிசுக்கி ஆகியோர், தலையில் கட்டிய கருவியின் குலுங்கும் நிகழ்படத்திலிருந்து காட்சியின் முப்பரிமாண அமைப்பைக் கணித்து, அதன் ஊடாக ஒரு மென்மையான புதிய பாதையை உருவாக்கும் முறையை வெளியிட்டனர். அதே ஆண்டு ஆகத்தில் இன்சுட்டாகிராம் நிறுவனம் ஹைப்பர்லாப்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. அது படத்தை ஆராயாமல், கைப்பேசியினுள் உள்ள சுழல்நோக்கி தரும் அளவுகளைக் கொண்டு நடுக்கத்தை நீக்கியது. இச்செயலி 2022 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

டிரோனில் இம்முறை நிலைபெற்றது 2018 ஆகத்தில் ஆகும். சீனாவின் சென்சென் நகரைச் சேர்ந்த டி.ஜே.ஐ. நிறுவனம் அம்மாதம் வெளியிட்ட மாவிக் 2 புரோ, மாவிக் 2 சூம் ஆகிய இரண்டும், பறப்பது, படம் எடுப்பது, கோப்பது மூன்றையும் தாமே செய்யும் ஹைப்பர்லாப்ஸ் வசதியுடன் வந்தன. அதற்கு முன்னரும் டிரோனைக் கையால் மெதுவாக ஓட்டி இத்தகைய படங்களை எடுத்தவர்கள் இருந்தனர். ஆனால் எட்டு நிமிடம் ஒரே வேகத்தில் விரல் நடுங்காமல் ஓட்டுவது எல்லோருக்கும் கைவருவதன்று. 2020 இல் வந்த மாவிக் ஏர் 2, 8கே அளவிலான ஹைப்பர்லாப்சை அளித்தது. 2022 இல் வந்த மினி 3 புரோ மூலம், 249 கிராம் எடையே கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் கருவிக்கும் இவ்வசதி கிட்டியது.

அடிப்படைக் கணக்கு

முடிவில் கிடைக்கும் நிகழ்படம் வினாடிக்கு 25 சட்டகங்கள் ஓடுவதாகக் கொள்வோம். பத்து வினாடிப் படத்துக்கு 250 ஒளிப்படங்கள் தேவை. இரண்டு வினாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்தால் 500 வினாடிகள், அதாவது 8 நிமிடம் 20 வினாடிகள் பறக்க வேண்டும். 500 வினாடிகள் பத்து வினாடிகளாகச் சுருங்குவதால் காலம் 50 மடங்கு விரைவாகின்றது. (ஞாயிற்றின் ஒளி புவியை வந்தடைய ஏறத்தாழ இதே அளவு நேரம், 499 வினாடிகள், ஆகின்றது. படப்பிடிப்பு தொடங்கிய கணத்தில் ஞாயிற்றிலிருந்து புறப்பட்ட ஒளி, கடைசிப் படம் எடுக்கப்படும்போதுதான் வந்து சேர்கின்றது.)

இடைவெளியை மூன்று வினாடிகளாக்கினால் பறப்பு நேரம் 12 நிமிடம் 30 வினாடிகளாகும். ஐந்து வினாடிகளாக்கினால் 20 நிமிடம் 50 வினாடிகளாகும். இங்கேதான் மின்கலம் குறுக்கே வருகின்றது. மாவிக் 2 புரோவின் உச்சப் பறப்பு நேரமாக உற்பத்தியாளர் குறிப்பிட்டது 31 நிமிடங்கள். அது காற்றில்லாத நிலையில் மின்கலம் முற்றாகத் தீரும்வரை பறந்த அளவு. ஐந்தில் ஒரு பங்கு மின்னூட்டத்தைத் திரும்பி வருவதற்கு ஒதுக்கி, இடத்துக்குச் சென்று சேரும் நேரத்தையும் கழித்தால், படப்பிடிப்புக்கு எஞ்சுவது 20 நிமிடங்களே. எனவே ஒரு மின்கலத்தில் பத்து வினாடிப் படம் எடுக்க, ஐந்து வினாடிக்கு மேற்பட்ட இடைவெளி நடைமுறையில் இயலாது. தரையில் முக்காலி மீது வைத்த கருவி ஒரு கட்டடம் எழும்புவதை ஈராண்டு காலம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். டிரோனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரை மணிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி மாறும் பொருள்களே அதற்கு ஏற்றவை.

அத்தகைய பொருள்களில் முதன்மையானது முகில். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகரும் முகில் இரண்டு வினாடியில் 20 மீட்டர் செல்லும். அது 2 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் இந்நகர்வு அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு இது மென்மையான நகர்வாகும். நிழல்களும் சாயும் ஞாயிறும் அடுத்து வருவன. புவி மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. வானில் ஞாயிற்றின் விட்டமோ ஏறத்தாழ அரைப் பாகை. ஆகவே ஞாயிறு தன் விட்டத்தின் அளவு நகர இரண்டு நிமிடம் ஆகும். மேற்சொன்ன 50 மடங்கு வேகத்தில் அது 2.4 வினாடியாகச் சுருங்குகின்றது. நெடுஞ்சாலைப் போக்குவரத்தும் துறைமுகக் கப்பல்களும் இவ்வாறே ஏற்றவை.

வேகமும் தொலைவும்

டிரோன் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது மெல்ல நடக்கும் ஒருவரின் வேகத்தில், பறப்பதாகக் கொண்டால் 500 வினாடியில் அரைக் கிலோமீட்டர் கடக்கும். படத்திலோ அதே அரைக் கிலோமீட்டர் பத்து வினாடியில் கடக்கப்படுவதால், பார்ப்பவருக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகத் தோன்றும். புதிதாக முயல்வோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். கட்டுப்பாட்டுத் திரையில் டிரோன் ஊர்ந்து செல்வதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடுகின்றனர். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது காட்சி கண்முன் பாய்ந்து ஓடிவிடுகின்றது.

எவ்வளவு வேகம் தகும் என்பதைத் தீர்மானிப்பது அண்மையிலுள்ள பொருளின் தொலைவு ஆகும். 4கே சட்டகத்தின் அகலம் 3840 படவணுக்கள். ஒளிப்படக்கருவியின் கிடைப் பார்வைக் கோணத்தை 70 பாகை எனக் கொண்டால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 55 படவணுக்கள் வரும். டிரோன் பக்கவாட்டில் சட்டகத்துக்கு 2 மீட்டர் நகரும்போது, ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள குன்று 6 படவணுக்கள் மட்டுமே நகர்கின்றது. 100 மீட்டர் தொலைவிலுள்ள கட்டடம் 63 படவணுக்கள் நகர்ந்து, இரண்டரை வினாடிக்குள் திரையைக் கடந்துவிடுகின்றது. 20 மீட்டர் தொலைவிலுள்ள மரமோ ஒரே தாவலில் 300 படவணுக்களுக்கு மேல் பாய்கின்றது. அரை வினாடியில் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இந்த வேறுபாடு முற்றாகத் தீங்கானதன்று. அண்மைப் பொருள் விரைவாகவும் சேய்மைப் பொருள் மெதுவாகவும் நகர்வதே படத்துக்கு ஆழத்தைத் தருகின்றது. எல்லாம் தொலைவிலேயே இருந்தால், டிரோனைப் பறக்கவிட்டதன் பயன் தெரியாமல் நிலையான காலச்சுருக்கப் படம் போலவே ஆகிவிடும். நடுத்தொலைவில் ஒரு கலங்கரை விளக்கமோ பாலமோ கோபுரமோ அமைந்திருப்பது நன்று. அண்மைப் பொருள் 50 மீட்டருக்குள் இருந்தால் வேகத்தை வினாடிக்குக் கால் மீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நடுக்கம்

காற்றில் மிதக்கும் ஒரு பொருளிலிருந்து 250 படங்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி எப்படி எடுக்க முடிகின்றது என்பது இம்முறையின் வியப்புக்குரிய பகுதியாகும். இதில் இரண்டு வகை வழுக்களைப் பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது கோணவழு. டிரோன் காற்றை எதிர்த்து நிற்க உடலைச் சாய்க்கின்றது. அந்தச் சாய்வு கணத்துக்குக் கணம் மாறுகின்றது. இதனை ஈடுசெய்வது கிம்பல் எனப்படும் மூன்று அச்சுச் சமநிலைத் தாங்கி ஆகும். சுழல்நோக்கி உடலின் திரும்பலை அளக்க, சிறு மின்னோடிகள் ஒளிப்படக்கருவியை எதிர்த்திசையில் அதே அளவு திருப்புகின்றன. சிறிய டிரோன்களின் கிம்பல்கள் பாகையில் நூறில் ஒரு பங்கு அளவு துல்லியத்தை எட்டியுள்ளன. மேற்கண்ட கணக்கின்படி இது அரைப் படவணு மட்டுமே. ஆயினும் உடல் முழுவதும் திசை மாறும்போது கிம்பலும் அதனைப் பின்தொடர்ந்து மெல்லத் திரும்பிவிடுவதால், அரைப் பாகைத் திசை மாற்றம்கூட 27 படவணுக்கள் அளவு காட்சியை இடம்பெயர்த்துவிடும்.

இரண்டாவது இடவழு. செயற்கைக்கோள் இடங்காட்டியை மட்டும் நம்பி நிற்கும்போது மாவிக் 2 கிடைத்தளத்தில் ஒன்றரை மீட்டர் வரையும் நிலைக்குத்தில் அரை மீட்டர் வரையும் விலகலாம் என அதன் விவரக்குறிப்பு கூறுகின்றது. அரை மீட்டர் விலகல் 100 மீட்டர் தொலைவிலுள்ள பொருளை 16 படவணுக்கள் அசைக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது இரண்டு படவணுக்கூட இராது. மென்பொருளால் முழுமையாகத் திருத்த முடியாதது இவ்வகையே. கோணவழுவில் காட்சி முழுவதும் ஒன்றாக நகர்வதால் அதனைத் திரும்ப நகர்த்தி ஒட்டிவிடலாம். இடவழுவில் அண்மைப் பொருள் ஒரு அளவும் சேய்மைப் பொருள் வேறு அளவும் நகர்கின்றன. கட்டடத்தை நிலைநிறுத்தினால் பின்னாலுள்ள மலை ஆடும்; மலையை நிறுத்தினால் கட்டடம் ஆடும். மென்பொருள் இரண்டையும் நிறுத்த முயன்று காட்சியை இழுத்து வளைக்கும்போது, கட்டடங்கள் கூழ் போல நெளிவதைப் பல படங்களில் காணலாம்.

ஆகவே நடுக்கத்தைக் குறைக்கும் சிறந்த வழி காற்றில்லாத வேளையைத் தேர்வதே. விடியற்காலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தரையில் இலை அசையாதபோதும் 100 மீட்டர் உயரத்தில் காற்று வலுவாக வீசலாம் என்பதால், முதலில் மேலேற்றி ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்த பின்னரே படப்பிடிப்பைத் தொடங்குவது வழக்கம். ஞாயிற்றை எதிர்நோக்கி எடுக்கும்போது, சுழலும் விசிறிகளின் நிழல் வில்லையின் மீது விழுந்து படத்தில் கீற்றுகளாகத் தெரிவதும் உண்டு. கருவியைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினால் இது நீங்கும்.

ஒளிபடுநேரம்

திரைப்படத்தில் ஓடும் ஊர்தி இயல்பாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு சட்டகத்திலும் அது சற்று மங்கிப் பதிவதாகும். சட்டக இடைவெளியின் பாதி அளவு நேரம் ஒளி படுவது திரைப்பட மரபு. இதனை அப்படியே பின்பற்றினால், இரண்டு வினாடி இடைவெளிக்கு ஒரு வினாடி ஒளிபடுநேரம் வேண்டும். பகலில் இது எளிதன்று. தெளிந்த வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 இல், எஃப்/2.8 துவாரத்தில் சரியான ஒளிபடுநேரம் வினாடியில் 3200 இல் ஒரு பங்கு அளவே. இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒவ்வோர் ஊர்தியும் கல்லில் செதுக்கியது போல உறைந்து பதிகின்றது. வினாடிக்கு 15 மீட்டர் செல்லும் மகிழுந்து அடுத்த படத்துக்குள் 30 மீட்டர் தள்ளிப் போய்விடுவதால், சாலையில் ஊர்திகள் ஓடுவதாகத் தெரியாமல், அங்கங்கே தோன்றி மறைவதாகத் தெரியும். இப்படத்தைப் பார்க்கும் கண் விரைவில் களைத்துவிடுகின்றது.

இதற்குத் தீர்வாக, என்.டி. வடிகட்டி எனப்படும் கருநிறக் கண்ணாடி வில்லையின் முன் பொருத்தப்படுகின்றது. என்.டி. 64 ஒளியை 64 இல் ஒரு பங்காகக் குறைப்பதால், மேற்கண்ட நேரம் வினாடியில் 50 இல் ஒரு பங்காக நீள்கின்றது. துவாரத்தைச் சுருக்க இயலும் மாவிக் 2 புரோவில் அதனை எஃப்/11 ஆக்கினால், அதே வடிகட்டியுடன் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். ஆனால் அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளிச் சிதறலால் படத்தின் கூர்மை குறையத் தொடங்குகின்றது. மினி வகை டிரோன்களின் துவாரம் மாறாதது. அவற்றுக்கு வடிகட்டியே வழி. கதிரவன் மறைந்த பின்னுள்ள அரைமணி நேரம், வடிகட்டி இல்லாமலேயே நீண்ட ஒளிபடுநேரத்தைத் தருவதால், இக்கலையில் தேர்ந்தோர் விரும்பும் வேளை அதுவே. அப்போது ஊர்தி விளக்குகள் ஒளிக்கோடுகளாக இழுபடுகின்றன. நீண்ட ஒளிபடுநேரத்தில் டிரோனின் சொந்த நகர்வும் மங்கலை உண்டாக்கும் என்பதால் வேகத்தை மிகவும் குறைக்க வேண்டும்.

கருவியின் தானியங்கி அமைப்புகளை நிறுத்திவைப்பது இன்றியமையாதது. தானியங்கி ஒளியளவு ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்கப்படுவதால், ஒரு வெண்முகில் சட்டகத்துக்குள் வந்தவுடன் காட்சி இருண்டு, அது போனவுடன் வெளுக்கும். ஓட்டிப் பார்க்கும்போது இது பழைய குழல்விளக்கு மின்னுவது போலத் தோன்றும். வெண்சமநிலையும் குவியமும் இவ்வாறே பூட்டப்பட வேண்டும். மறையும் ஞாயிற்றை எடுக்கும்போது மட்டும் இந்த விதி பொருந்தாது. ஒளி தொடர்ந்து குறைவதால் இடையிடையே ஒளியளவைச் சிறு படிகளாகக் கூட்ட வேண்டியுள்ளது. அப்படிகளின் தாவலைப் பின்னர்க் கணினியில் சமன்செய்கின்றனர். இதற்கென எல்.ஆர்.டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள்கள் உள்ளன.

பறப்பு முறைகள்

மாவிக் 2 இல் அறிமுகமான நான்கு முறைகளே பின்னர் வந்த அதே நிறுவனத்தின் கருவிகளிலும் பெரும்பாலும் தொடர்ந்தன. கட்டற்ற முறையில் இயக்குபவரே ஓட்டுகின்றார்; டிரோன் இடைவெளி தவறாமல் படம் எடுப்பதை மட்டும் பார்த்துக்கொள்கின்றது. வட்ட முறையில் திரையில் குறித்த ஒரு பொருளை அது சுற்றி வருகின்றது. 100 மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் என்பது 157 மீட்டர். 250 படங்களில் முடிக்க வினாடிக்கு 31 சென்டிமீட்டர் வேகம் போதுமானது. முழு வட்டத்தையும் பத்து வினாடிக்குள் அடக்கும் ஆசையைத் துறந்தால் படம் நன்றாக அமையும். திசைப்பூட்டு முறையில், ஒளிப்படக்கருவி ஒரு பக்கம் பார்த்தபடியிருக்க, டிரோன் பூட்டப்பட்ட திசையில் நேர்கோட்டில் செல்கின்றது.

நான்காவதான வழிப்புள்ளி முறையே மிகவும் பயனுள்ளது. இதில் டிரோனை முதலில் கையால் ஓட்டி, சில இடங்களில் நிறுத்தி, அவ்விடங்களையும் அங்குக் கருவி பார்க்கும் திசையையும் பதிந்துகொள்கின்றனர். பின்னர் டிரோன் அப்புள்ளிகளை இணைத்து மென்மையாகப் பறக்கின்றது. புள்ளிகளைப் பின்னிருந்து முன்னாகவும் பறக்கச் செய்யலாம். பாதையைப் பதிவதற்காகக் கடைசிப் புள்ளிக்குப் போனபின், தொடக்கத்துக்குத் திரும்பாமல் அங்கிருந்தே தொடங்கினால் மின்கலம் மிச்சப்படும் என்பதே இதன் பெரும்பயன். பாதையைச் சேமித்து வைத்து வேறொரு நாளில் அதே வழியே மீண்டும் எடுக்கவும் இயலும். பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக எடுத்து, நகரம் பறக்கும்போதே இருள்வதாகக் காட்டும் படங்கள் இவ்வழியில் உருவாக்கப்படுகின்றன. ஆனால் இரண்டு பறப்புகளிலும் மேற்சொன்ன இடவழு தனித்தனியே நேர்வதால், அவை படவணுவுக்குப் படவணு பொருந்துவதில்லை.

நிகழ்படத்தை விரைவாக்கும் முறை

ஹைப்பர்லாப்ஸ் வசதி இல்லாத டிரோன்களில், வழக்கமான நிகழ்படத்தை எடுத்துக் கணினியில் விரைவாக்குவதும் ஏற்கத்தக்க மாற்றுவழியாகும். எட்டு நிமிட நிகழ்படத்தில் ஐம்பது சட்டகங்களுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மேற்கண்ட 50 மடங்கு வேகமே கிடைக்கும். இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. எஞ்சிய சட்டகங்களை வீசிவிடாமல், அடுத்தடுத்த 25 சட்டகங்களைச் சராசரி கண்டு ஒன்றாக்கினால், ஒரு வினாடி ஒளிபடுநேரத்தில் எடுத்தது போன்ற மங்கல் கிடைக்கின்றது. கண்ணாடி வடிகட்டி இல்லாமலேயே நட்ட நடுப்பகலில் இது இயலும். சராசரி காண்பதால் இருட்டிலுள்ள புள்ளியிரைச்சலும் குறைகின்றது.

குறையும் உண்டு. நிகழ்படம் கடுமையாக அமுக்கப்பட்டுச் சேமிக்கப்படுவதால், மறையும் ஞாயிற்றைச் சுற்றிய வானம் போன்ற இடங்களில் வண்ணப் படிகள் தெரியும். பதப்படுத்தாத மூலவடிவ ஒளிப்படமோ ஒளியையும் நிறத்தையும் பின்னர் மாற்ற மிகுந்த இடமளிக்கின்றது. மேலும் 20 மெகாபடவணு ஒளிப்படத்தின் அகலம் 5472 படவணுக்கள். 4கே சட்டகத்துக்கு அதில் பத்தில் ஏழு பங்கே போதும். நடுக்கம் நீக்கும்போது ஓரங்களை வெட்ட வேண்டியிருப்பதால் இந்த மிச்சம் மிகவும் உதவுகின்றது. டிரோன் தானே கோத்துத் தரும் நிகழ்படத்துடன் நிறைவடையாமல், மூல ஒளிப்படங்களையும் நினைவக அட்டையில் சேமிக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

கட்டுப்பாடுகளும் தீங்குகளும்

டிரோன் எங்கும் பறக்கலாம் என்பதன்று. பல நாடுகளில் தரையிலிருந்து 120 மீட்டர், அல்லது 400 அடி, என்பது பொது உயர எல்லையாக உள்ளது. இந்தியாவின் 2021 ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 250 கிராம் வரை உள்ளவற்றை நானோ எனவும், அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை உள்ளவற்றை மைக்ரோ எனவும் வகுத்தன. மேற்கூறிய 249 கிராம் எடை தற்செயலானதன்று. இத்தகைய சட்ட எல்லைகளுக்குள் அடங்குமாறே அக்கருவிகள் வடிவமைக்கப்பட்டன. 2022 பெப்ரவரியில் இந்திய அரசு, ஆய்வு, பாதுகாப்பு முதலிய தேவைகள் நீங்கலாக, வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. இலங்கையில் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து டிரோன் பறப்புகள் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டன.

விதிகள் ஒரு காட்சியை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதற்குச் சான் பிரான்சிசுக்கோவின் கோல்டன் கேட் பாலம் நல்ல எடுத்துக்காட்டு. கோடையில் கடல்மூடுபனி ஆறு போலப் பாய்ந்து வந்து பாலத்தை மூழ்கடிக்க, 227 மீட்டர் உயரக் கோபுரங்களின் உச்சி மட்டும் வெளியே தெரியும் காட்சி உலகப் புகழ்பெற்றது. டிரோன் ஹைப்பர்லாப்சுக்கென்றே அமைந்த காட்சி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அமெரிக்காவில் தொழில்முறை டிரோன்களுக்கான விதிகளின்படி, முகிலுக்குக் கீழே குறைந்தது 500 அடியும் கிடையாக 2000 அடியும் விலகிப் பறக்க வேண்டும். பாலத்தை அடுத்துள்ள குன்றுகள் தேசியப் பூங்காச் சேவையின் ஆளுகைக்குட்பட்டவை. அச்சேவை 2014 சூனில் தன் நிலங்களில் டிரோன்களை ஏற்றி இறக்குவதைத் தடை செய்தது. ஆகவே அக்காட்சிக்கு உரிய வழி, மலைமுகட்டில் முக்காலியை ஊன்றிக் காத்திருக்கும் பழைய வழியே.

அத்தடைக்குக் காரணமின்றி இல்லை. அதே 2014 ஆம் ஆண்டு ஆகத்தில், யெல்லோசுட்டோன் பூங்காவின் கிராண்டு பிரிசுமாட்டிக்கு வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு சுற்றுலாப் பயணியின் டிரோன் விழுந்து மூழ்கியது. அதனினும் கொடியது 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா பறவைக் காப்பகத்தில் நிகழ்ந்தது. தடையை மீறிப் பறந்த டிரோன் ஒன்று கூடுகளுக்கிடையே விழ, அங்குத் தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்த ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அஞ்சிப் பறந்தன. பின்னர் அவை திரும்பவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் மணலில் கைவிடப்பட்டுக் கிடந்தன. வானில் நெடுநேரம் மிதக்கும் ஒரு பொருளைப் பல பறவைகள் கொன்றுண்ணிப் பறவையாகவே காண்கின்றன. ஹைப்பர்லாப்சுக்கு ஒரே இடத்தருகே பத்து, இருபது நிமிடம் மெதுவாகப் பறக்க வேண்டியிருப்பதால், கடந்து செல்லும் டிரோனைவிட இது பறவைகளுக்கு அதிகத் தொல்லையாகலாம்.

மற்றொரு இடர் இயக்குபவரின் கவனம் பற்றியது. டிரோன் தானே பறந்து தானே படம் எடுக்கும் எட்டு நிமிடமும் இயக்குபவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கண் தானாகவே கைப்பேசித் திரைக்குப் போய்விடும். டிரோனை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. பக்கவாட்டில் செல்லும் டிரோனின் ஒளிப்படக்கருவி முன்னால் இருப்பதைக் காட்டாது. எல்லாத் திசைகளிலும் தடை உணரிகள் இல்லாத சிறிய வகைகள் மரக்கிளையிலோ மின்கம்பியிலோ மோதுவது இத்தகைய வேளைகளில்தான். இரவில் உணரிகள் உள்ளவையும் பெரும்பாலும் குருடாகிவிடுகின்றன. மெல்லிய கம்பிகள் பகலிலும் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே பாதை முழுவதையும் ஒருமுறை பகலில் வழக்கமான வேகத்தில் பறந்து பார்த்து, வழியிலுள்ள உயரமான பொருளைவிடப் பல மீட்டர் மேலே உயரத்தை அமைத்துக்கொண்ட பின்னரே மாலைப் படப்பிடிப்புக்குச் செல்கின்றனர்.